தகடு வந்தது, படம் வரவில்லை

1997ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் ஏழு நகரங்களில் டிவிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. விலை பெரும்பாலும் 600 டாலரிலிருந்து 1000 டாலர் வரை. அந்த விலை கொடுத்துக் கருவியை வாங்கிய ஒருவர் மறுநாள் படம் வாங்கக் கடைக்குப் போனால் அலமாரியில் சில டஜன் தலைப்புகளையே கண்டிருப்பார். வார்னர் நிறுவனத்தின் படங்கள் இருந்தன. சோனிக்குச் சொந்தமான கொலம்பியா பின்னால் வந்துகொண்டிருந்தது. பாரமவுண்ட் இல்லை, ஃபாக்ஸ் இல்லை, டிஸ்னி இல்லை. ஆகவே 'காட்ஃபாதர்' இல்லை, 'ஸ்டார் வார்ஸ்' இல்லை, 'ஸ்னோ ஒயிட்' இல்லை. நூலகக் கட்டடம் எழும்பிவிட்டது, அலமாரிகளும் வந்துவிட்டன, பதிப்பாளர்கள் மட்டும் புத்தகம் தர மறுக்கிறார்கள் என்பது போன்ற நிலை.

இந்த நிலை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்தது. புதிய ஊடகங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதுகிறார்கள், பிறகு வெற்றியைப் பற்றி எழுதுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே கிடந்த காத்திருப்பு ஒரு வரியில் கடந்துபோகிறது. நமக்கோ அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு திரைப்படத்தை வாங்குவது என்றால் என்ன, வாங்கியவருக்கு அதன்மேல் உள்ள உரிமை என்ன என்ற கேள்விக்கு அந்த இரண்டு ஆண்டுகளில்தான் ஒரு விடை எட்டப்பட்டது. அந்த விடை நம் கையில் இருபது ஆண்டுகள் இருந்தது. இன்று அது மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது. ஆகவே இக்கதையை ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

1

ஹாலிவுட் வீட்டுத் திரையைக் கண்டு அஞ்சியது அதுவே முதல்முறை அன்று. சோனி 1975இல் பீட்டாமேக்ஸ் நாடாவையும், ஜேவிசி 1976இல் விஎச்எஸ் நாடாவையும் கொண்டுவந்தன. தொலைக்காட்சியில் வருவதைப் பதிவு செய்து வேண்டியபோது பார்க்கலாம் என்ற வசதியை யுனிவர்சலும் டிஸ்னியும் திருட்டாகவே கண்டன. 1976இல் சோனிமீது வழக்குத் தொடுத்தன. வழக்கு எட்டாண்டுகள் நடந்தது. கீழ் நீதிமன்றம் சோனியின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. கடைசியில் 1984 ஜனவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், வீட்டில் பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்வது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் வீட்டுத் திரையின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தோற்ற தரப்பே அந்தத் தீர்ப்பால் செல்வம் கொழித்தது. 1980களின் பிற்பகுதியில் வீடியோ நாடாவின் வழியாகப் படநிறுவனங்களுக்கு வந்த பணம் திரையரங்க வசூலைத் தாண்டிவிட்டது. எந்தக் கருவியைத் தடைசெய்ய வேண்டும் என்று வழக்காடினார்களோ அதுவே அவர்களுடைய களஞ்சியமாயிற்று. 1990களில் இன்னொரு புதிய ஊடகம் வந்து கதவைத் தட்டியபோது அவர்களிடம் இரண்டு அச்சங்கள் இருந்தன. ஒன்று பழைய அச்சம்: நகலெடுத்துவிடுவார்கள். மற்றது புதிய அச்சம்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாடா வணிகம் கெட்டுவிடும்.

நாடாவுக்கு மாற்றாக ஒளித்தகடு அதற்கு முன்பே இருந்தது. எம்சிஏவும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய, பின்னர் லேசர் டிஸ்க் என்று பெயர்பெற்ற தகடு 1978 டிசம்பரில் அட்லாண்டா நகரில் விற்பனைக்கு வந்தது. 30 சென்டிமீட்டர் விட்டம். கிராமபோன் இசைத்தட்டின் அளவு. படத்தின் நடுவே தட்டைத் திருப்பிப் போட வேண்டும். விலையும் அதிகம். ஆனால் படத்தை நேசித்தவர்களுக்கு அது ஒரு பெரும் கொடை. 1984இல் தொடங்கிய கிரைடீரியன் நிறுவனம் 'சிட்டிஸன் கேன்', 'கிங் காங்' ஆகிய இரண்டையும் லேசர் டிஸ்கில் வெளியிட்டது. 'கிங் காங்' தகட்டின் இரண்டாம் ஒலித்தடத்தில் ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட வரலாற்றாளர் படம் ஓட ஓட அதன் கதையைச் சொல்லிக்கொண்டே போனார். உரையாசிரியர் மூலநூலின் பக்கத்திலேயே அமர்ந்து வரிக்கு வரி பொருள் சொல்லும் மரபு நமக்குப் புதிதல்ல. திரைப்படத்துக்கு அந்த மரபு அன்றுதான் வந்தது. ஆனாலும் லேசர் டிஸ்க் அமெரிக்காவில் ஒரு சிறு கூட்டத்தின் செல்லப்பொருளாகவே நின்றுவிட்டது. எஞ்சிய பெருங்கூட்டம் நாடாவோடு இருந்தது.

2

1982இல் வந்த இசைக் குறுந்தகட்டின் அளவுக்குள் ஒரு முழுநீளப் படத்தை அடக்க முடியுமா என்பது அடுத்த கேள்வியாக இருந்தது. சாதாரணத் தொலைக்காட்சித் தரத்தில் இரண்டு மணிநேரப் படத்தைச் சுருக்காமல் இலக்கமாக்கினால் நூறு ஜிகாபைட்டுக்கும் மேலாகும். குறுந்தகட்டின் கொள்ளளவோ 650 மெகாபைட். 1993இல் வந்த விசிடி இதற்கு ஒரு ஏழை விடை. படத்தை மிகவும் சுருக்கி ஒரு தகட்டில் 74 நிமிடம் அடக்கியது. ஒரு படத்துக்கு இரண்டு தகடுகள், நம் படங்களுக்குச் சில சமயம் மூன்று. இருட்டுக் காட்சிகளில் சதுரம் சதுரமாகச் சிதறும் பிம்பத்தை ஆசியா முழுவதும் நாம் பொறுத்துக்கொண்டு பார்த்தோம். விசிடியில் பூட்டு எதுவும் இல்லை. அதனாலேயே ஹாலிவுட் அதை விலக்கியே வைத்திருந்தது.

1994இல் ஹாலிவுட் நிறுவனங்கள் ஒரு ஆலோசனைக் குழுவாகக் கூடி, தமக்கு எத்தகைய தகடு வேண்டும் என்று ஒரு பட்டியல் தந்தன. ஒரு பக்கத்தில் 135 நிமிடப் படம் அடங்க வேண்டும். லேசர் டிஸ்கைவிடத் தெளிவான பிம்பம் வேண்டும். பல ஒலித்தடங்கள், பல மொழிகள் வேண்டும். அகலத்திரை வடிவும் பழைய தொலைக்காட்சி வடிவும் இரண்டும் இயல வேண்டும். குழந்தைகளுக்கான தடுப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நகலெடுக்க முடியாதபடி பூட்டு வேண்டும்.

இந்தப் பட்டியலுக்கு விடையாக இரண்டு தகடுகள் எழுந்தன. குறுந்தகட்டைக் கண்டுபிடித்த பிலிப்ஸும் சோனியும் 1994 டிசம்பரில் ஒன்றை அறிவித்தன. தோஷிபாவும் மாட்சுஷிடாவும் டைம் வார்னரும் உள்ளிட்ட அணி 1995 ஜனவரியில் மற்றொன்றை அறிவித்தது. தோஷிபா அதற்கு முன்பே வார்னர் குழுமத்தில் 50 கோடி டாலர் முதலீடு செய்திருந்தது என்பதை நினைவில் கொண்டால் அந்த அணி எப்படி அமைந்தது என்பது விளங்கும். வார்னர் ஹோம் வீடியோவின் தலைவர் வாரன் லீபர்ஃபார்ப் இந்தத் தகட்டைத் தம் வாழ்க்கைப் பணியாகவே எடுத்துக்கொண்டவர். பின்னாளில் டிவிடியின் தந்தை என்று அவரை அழைத்தார்கள். ஒரு கருவிக்குத் தந்தை என்று பெயர் பெற்றவர் பொறியாளராக இல்லாமல் பட விற்பனைப் பிரிவின் தலைவராக இருந்தது தற்செயல் அல்ல.

பீட்டாமேக்ஸ்-விஎச்எஸ் சண்டை மறுபடியும் வந்துவிடும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். அதைத் தடுத்தவர்கள் கணினிக்காரர்கள். ஆப்பிள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், ஹ்யூலெட் பேக்கார்ட், காம்பேக் ஆகிய ஐந்து நிறுவனங்களும் 1995இல் ஒரு குழு அமைத்து, தகடு ஒன்றாக இருந்தால் மட்டுமே ஏற்போம் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டன. 1995 செப்டம்பரில் இரு அணிகளும் இறங்கிவந்தன. தோஷிபா அணியின் தகட்டு அமைப்பு ஏற்கப்பட்டது: 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு மெல்லிய தகடுகளை முதுகோடு முதுகாக ஒட்டுவது. தரவைத் தகட்டில் எழுதும் குறியீட்டு முறை மட்டும் பிலிப்ஸ் பொறியாளர் கீஸ் இம்மிங்க் வகுத்தது. அந்த முறை கீறல்களைத் தாங்குவதில் வலுவானது. ஆனால் சற்று இடம் பிடிப்பது. அதனால் 5 ஜிகாபைட்டாக இருந்த கொள்ளளவு 4.7ஆகக் குறைந்தது. நாம் கையில் வைத்திருந்த ஒவ்வொரு டிவிடியிலும் எழுதப்பட்டிருந்த அந்த 4.7 என்ற எண் ஒரு சமாதான உடன்படிக்கையின் தழும்பு.

3

உடன்படிக்கை ஆகிவிட்டது, அடுத்த ஆண்டே தகடு வந்துவிடும் என்று அறிவித்தார்கள். ஜப்பானில் 1996 நவம்பர் 1ஆம் தேதி வந்தும்விட்டது. அமெரிக்காவில் 1996 கிறிஸ்துமஸ் வெறுமையாகக் கழிந்தது. காரணம் பூட்டு.

நாடாவை நகலெடுத்தால் தரம் குறையும். நகலின் நகல் மேலும் மங்கும். இலக்கத் தகட்டில் நகல் என்பது மூலமேதான். படநிறுவனங்கள் இதை எண்ணித் தூக்கமிழந்தன. மின்னணுக் கருவி நிறுவனங்களோடு சேர்ந்து சட்டம் கொண்டுவர முயன்றன. தங்களைக் கேட்காமல் தங்கள் எந்திரங்களுக்கு விதி எழுதுவதா என்று கணினி நிறுவனங்கள் எதிர்த்தன. பல மாதப் பேச்சுக்குப் பிறகு 1996 அக்டோபரில் மாட்சுஷிடாவும் தோஷிபாவும் வகுத்த ஒரு குறியாக்க முறை ஏற்கப்பட்டது. அதன் திறவுகோலின் நீளம் 40 பிட். அன்றைய அளவுகோலிலேயே அது எளிய பூட்டுத்தான்.

இன்னொரு பூட்டும் இருந்தது. உலகை ஆறு மண்டலங்களாகப் பிரித்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் முதல் மண்டலம். ஐரோப்பாவும் ஜப்பானும் இரண்டு. இந்தியாவும் இலங்கையும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் ரஷ்யாவும் ஐந்து. ஒரு மண்டலத்துத் தகடு மற்ற மண்டலத்துக் கருவியில் ஓடாது. திரையரங்க வெளியீடு நாட்டுக்கு நாடு மாறுவதால் இது தேவை என்பது அவர்கள் சொன்ன நியாயம். ஆனால் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய குரோசாவா படத்துக்கு என்ன திரையரங்க வெளியீடு? உறவினர் வழியாக வெளிநாட்டிலிருந்து ஒரு நல்ல தகட்டைத் தருவித்து, இங்கே கருவியில் போட்டதும் திரையில் மண்டலம் தவறு என்ற அறிவிப்பைக் கண்டவர்கள் நம்மில் பலர் உண்டு. உலகின் பல ஊர்களில் கடைக்காரர்களே அந்தப் பூட்டைத் திறந்து கருவியை விற்றார்கள். மக்கள் அதைக் குற்றமாக எண்ணவில்லை.

40 பிட் பூட்டின் கதையும் நீண்ட நாள் ஓடவில்லை. 1999 அக்டோபரில் அதைத் திறக்கும் நிரல் இணையத்தில் வெளியாயிற்று. அதில் பங்குகொண்ட யோன் லெக் யோஹான்சன் என்ற நார்வே இளைஞருக்கு அப்போது வயது 15. அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. தாம் வாங்கிய தகட்டைத் தம் கணினியில் பார்ப்பது குற்றமாகாது என்று நார்வே நீதிமன்றம் 2003 ஜனவரியில் விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு டிசம்பரில் விடுதலை. எந்தப் பூட்டுக்காக அமெரிக்க வெளியீடு தள்ளிப்போயிற்றோ அந்தப் பூட்டு மூன்று ஆண்டுகளுக்குள் பயனற்றுப்போனது. பூட்டு உடைந்த பிறகுதான் டிவிடி விற்பனை பல மடங்கு பெருகியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

4

பூட்டு கிடைத்த பிறகும் எல்லா நிறுவனங்களும் வந்துவிடவில்லை. ஏன் என்று கேட்டால், கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டப்படி, ஒரு நாடாவை விலைகொடுத்து வாங்கிய கடைக்காரர் அதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் வாடகைக்குத் தரலாம். படநிறுவனத்துக்கு மேற்கொண்டு காசு தர வேண்டியதில்லை. ஆகவே நிறுவனங்கள் புதுப்பட நாடாக்களுக்கு 80, 100 டாலர் என்று விலை வைத்தன. அந்த விலைக்குச் சாதாரண மக்கள் வாங்கமாட்டார்கள். வாடகைக் கடைகள்தாம் வாங்கும். லீபர்ஃபார்ப் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்க விரும்பினார். தகட்டை 20, 25 டாலருக்கு மக்களிடமே நேராக விற்பது. அச்சிடும் செலவு நாடாவைவிடக் குறைவு. புத்தகம் வாங்குவதுபோல் படத்தை வாங்கி வீட்டு அலமாரியில் வைப்பார்கள் என்பது அவர் நம்பிக்கை.

எல்லோரும் இதை நம்பவில்லை. பாரமவுண்டின் உரிமையாளரான வயாகாமிடமே பிளாக்பஸ்டர் என்ற மிகப்பெரிய வாடகைக் கடைத்தொடரும் இருந்தது. இரண்டையும் அது 1994இல் வாங்கியிருந்தது. வாடகையில் வாழும் ஒரு கை இருக்க, மற்றக் கை விற்பனைக்கு அவசரப்படுமா? டிஸ்னி தன் பழைய சித்திரப் படங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே விட்டு, பிறகு பெட்டகத்தில் பூட்டிவிடும் வழக்கமுள்ளது. அழியாத தகட்டில் ஒருமுறை விற்றுவிட்டால் அடுத்த தலைமுறைக்கு மறுபடி விற்பது எப்படி என்ற கவலை அதற்கு இருந்திருக்கும். ஃபாக்ஸ் கடைசிவரை மௌனமாக இருந்தது.

அமெரிக்காவில் 1997இல் கடைகளுக்குச் சென்ற டிவிடி பிளேயர்கள் சுமார் 3.5 லட்சம். பத்துக்கோடி வீடுகள் உள்ள நாட்டில் அது ஒரு துளி. படங்கள் இல்லாததால் மக்கள் கருவி வாங்கவில்லை. மக்கள் கருவி வாங்காததால் நிறுவனங்கள் படம் தரவில்லை. யாராவது ஒருவர் நட்டத்துக்குத் துணிய வேண்டியிருந்தது. வார்னர் துணிந்தது. யுனிவர்சல் 1997இன் நடுவில் வந்தது; டிஸ்னி அதே ஆண்டு டிசம்பரில் சில படங்களோடு, சித்திரப் பொக்கிஷங்களைத் தராமல், எட்டிப்பார்த்தது. பாரமவுண்டும் ஃபாக்ஸும் வர 1998இன் இலையுதிர்காலம் ஆயிற்று.

5

அந்த நிறுவனங்கள் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்களுடைய நெஞ்சுக்கு நெருக்கமான வேறொரு தகட்டை ஒருவர் காட்டிக்கொண்டிருந்தார்.

சர்க்யூட் சிட்டி என்பது அமெரிக்காவின் பெரிய மின்னணுக் கடைத்தொடர்களில் ஒன்று. அதுவும் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றும் சேர்ந்து 1997 செப்டம்பரில் டிவிக்ஸ் என்ற திட்டத்தை அறிவித்தன. பார்வைக்கு அதுவும் டிவிடிதான். விலை ஏறத்தாழ நாலரை டாலர். ஆனால் அந்தப் பணம் 48 மணி நேரத்துக்கு மட்டும். முதன்முறை கருவியில் இட்ட நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டு நாள் கழிந்தால் தகடு செத்துவிடும். மறுபடி பார்க்க வேண்டுமானால் மறுபடி பணம். கருவியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து வைத்திருக்க வேண்டும்; நீங்கள் என்ன பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள் என்று அது அவ்வப்போது தலைமையகத்துக்குத் தானே பேசிச் சொல்லிவிடும். டிவிக்ஸ் கருவியில் டிவிடி ஓடும். டிவிடி கருவியில் டிவிக்ஸ் ஓடாது.

படநிறுவனங்களுக்கு இது கனவு. ஒவ்வொரு பார்வைக்கும் கட்டணம். வாடகைக் கடை என்ற நடுவாள் இல்லை. விற்றும் விற்காமல் இருக்கும் அற்புதம். டிஸ்னி, பாரமவுண்ட், யுனிவர்சல், டிரீம்வொர்க்ஸ் ஆகியவை சேர்ந்தன. 1998 பிப்ரவரியில் ஃபாக்ஸும் சேர்ந்தது. 1998 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவிலும் ரிச்மண்டிலும் முதல் விற்பனை தொடங்கியது. சில படங்கள் டிவிக்ஸில் மட்டுமே கிடைத்தன.

அடுத்து நடந்ததுதான் இக்கதையின் நடுநாயகம். வாங்குகிறவர்கள் மறுத்தார்கள். எந்த இயக்கமும் தலைவரும் இல்லாத மறுப்பு அது. முந்தைய ஆண்டு 600 டாலர் கொடுத்துக் கருவி வாங்கிக் காத்திருந்த சில லட்சம் பேர் கோபம் கொண்டார்கள். இணையம் அப்போது இளையது; அதில் டிவிக்ஸை எதிர்த்துப் பக்கங்கள் எழுந்தன. கடைக்கு வருவோரிடம் இந்தத் தகட்டை வாங்காதீர்கள் என்று தெரிந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். போட்டிக் கடைகள் பெரும்பாலும் அதை விற்க முன்வரவில்லை. அவர்கள் கேட்டது இலவசம் அல்ல. காசு கொடுத்து வாங்கிய பொருள் என்னுடையதாக இருக்க வேண்டும், நான் எதைப் பார்க்கிறேன் என்பது என் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பவைதான்.

1999 ஜூன் 16ஆம் தேதி சர்க்யூட் சிட்டி டிவிக்ஸை மூடிவிட்டதாக அறிவித்தது. நட்டம் வரிக்குப் பிந்தைய கணக்கில் 11.4 கோடி டாலர். வாங்கியவர்களின் தகடுகள் 2001இன் நடுப்பகுதி வரை இயங்கின. தலைமையகத்துத் தொலைபேசி ஓய்ந்ததும் அவை நிரந்தரமாக ஊமையாயின. தகடு அலமாரியில் இருக்கும், கீறல் இருக்காது, படமும் உள்ளேயே இருக்கும். திறக்கும் உரிமை மட்டும் எங்கோ ஒரு கணினியில் அணைந்துபோயிருக்கும். இந்தக் காட்சியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

6

காத்திருப்பு முடிந்தபோது வெள்ளமே வந்தது. 1998இல் 10 லட்சத்தைத் தாண்டிய கருவி விற்பனை 1999இல் 40 லட்சமாயிற்று. 1999 செப்டம்பரில் வெளிவந்த 'தி மேட்ரிக்ஸ்' அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைக் கடந்த முதல் டிவிடியானது. 1998 ஏப்ரலில் 925 தலைப்புகளோடு தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், தகடு மெல்லியது, அஞ்சல் உறையில் அனுப்பலாம் என்ற ஒரே எண்ணத்தின்மேல் கட்டப்பட்டது. 2003 ஜூனில் வாடகையிலும் டிவிடி நாடாவை முந்தியது.

படத்தை நேசித்தவர்களுக்குக் கிடைத்த லாபம் இந்த எண்களில் தெரியாது. நாடாவின் காலத்தில் அகலத்திரைப் படங்களின் இரு ஓரங்களையும் வெட்டித் தொலைக்காட்சிச் சதுரத்துக்குள் திணிப்பது வழக்கம். மிக அகலமான படத்தில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் இப்படிப் போய்விடும். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் ஒருவர் காணாமல்போவார். இயக்குநர் அமைத்த சட்டகத்தை முழுதாக வீட்டில் காண்பது டிவிடிக்குப் பிறகே பெருவாரி மக்களுக்கு இயன்றது. மூலமொழியில் கேட்டு வேற்று மொழி எழுத்தில் படிப்பதும் அப்படியே. ழான் ரென்வாரின் 'கிராண்ட் இல்யூஷன்' கிரைடீரியன் டிவிடி வரிசையில் முதல் எண் பெற்ற படம். ஆனால் அது முதலில் வெளியாகவில்லை. படத்தின் மூல நெகடிவ் கிடைத்திருப்பது தெரிந்ததும் வெளியீட்டை நிறுத்திவைத்து, அதிலிருந்து புதுப்பித்து 1999இன் இறுதியில்தான் கொண்டுவந்தார்கள். காத்திருப்பிலும் இருவகை உண்டு. காசுக்காகக் காக்க வைப்பது ஒன்று. படைப்புக்காகக் காக்க வைப்பது மற்றது.

இரண்டும் கலந்த மூன்றாவது வகையும் இருந்தது. ஜார்ஜ் லூகாஸின் முதல் மூன்று 'ஸ்டார் வார்ஸ்' படங்கள் டிவிடியாக வர 2004 செப்டம்பர் ஆயிற்று. வந்தபோதும் அவர் பின்னாளில் மாற்றியமைத்த வடிவங்களே வந்தன. 1977இல் மக்கள் திரையரங்கில் பார்த்த வடிவம் 2006இல் உபரித் தகடாக, பழைய லேசர் டிஸ்குக்காகச் செய்த பிரதியிலிருந்து எடுத்து, குறைந்த தரத்தில் தரப்பட்டது. படைத்தவருக்குத் தம் படைப்பைத் திருத்தும் உரிமை உண்டா, பார்த்தவருக்குத் தாம் பார்த்ததைக் காக்கும் உரிமை உண்டா என்ற வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

7

இதே நாடகம் மறுபடியும் ஒருமுறை மேடையேறியது. 2006 ஏப்ரலில் தோஷிபாவின் எச்டி டிவிடியும், ஜூனில் சோனி அணியின் புளூ-ரேயும் அமெரிக்காவுக்கு வந்தன. இம்முறை கணினிக்காரர்களாலும் சமாதானம் செய்துவைக்க முடியவில்லை. படநிறுவனங்கள் இரண்டாகப் பிரிந்தன. பாரமவுண்ட் 2007 ஆகஸ்டில் எச்டி டிவிடியின் பக்கம் முழுதாகச் சாய்ந்தது. மக்கள் எதையும் வாங்காமல் காத்திருந்தார்கள். 2008 ஜனவரி 4ஆம் தேதி வார்னர் இனி புளூ-ரே மட்டுமே என்று அறிவித்தது. ஆறு வாரம் கழித்து, பிப்ரவரி 19இல் தோஷிபா களத்தை விட்டு விலகியது. முதல் போரில் தோஷிபாவோடு கைகோத்து நின்ற அதே வார்னர்தான் இரண்டாம் போரில் அதன் கணக்கை முடித்தது.

ஆனால் வென்றவருக்குக் கிடைத்த ராஜ்யம் சுருங்கிக்கொண்டிருந்தது. 2007 ஜனவரியிலேயே நெட்ஃபிளிக்ஸ் இணையம் வழியே படம் காட்டத் தொடங்கியிருந்தது. 2023 செப்டம்பரில் அது தன் கடைசித் தகட்டை அஞ்சலில் அனுப்பி அந்தப் பிரிவை மூடியது. சாம்சங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூ-ரே கருவிகள் செய்வதை நிறுத்தியது. பெஸ்ட் பை என்ற பெருங்கடை 2024இல் படத்தகடுகளை விற்பதையே கைவிட்டது.

இன்று நாம் மாதக் கட்டணம் செலுத்திப் படம் பார்க்கிறோம். கருவி எப்போதும் தலைமையகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது. எதைப் பார்த்தோம், எந்த நிமிடத்தில் நிறுத்தினோம் என்று அது அறியும். வாங்கு என்ற பொத்தானை அழுத்தினாலும் கிடைப்பது பார்க்கும் அனுமதியே. நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தம் முடிந்தால் படம் மறைந்துபோகக்கூடும். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம் உரிமைச் சிக்கலின் காரணமாக வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நூலின் ஒரு பதிப்பை அவர்கள் அறியாமலே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு வருத்தமும் தெரிவித்தது. ஆனால் இரவில் வீட்டுக்குள் வந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துச் செல்ல ஒருவரால் முடியும் என்பது அன்று தெரிந்துவிட்டது. 1999இல் மக்கள் டிவிக்ஸிடம் எதை மறுத்தார்களோ அதுவே வேறு பெயரில், வசதி என்ற நல்ல ஆடை உடுத்தி, நம் வீட்டில் குடியேறியிருக்கிறது. நாமே கதவைத் திறந்தோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தகட்டை எழுந்து சென்று மாற்றும் சோம்பல் நமக்கும் இருந்தது.

தகடு அமரத்துவம் உள்ளது என்று நாம் சொல்லவரவில்லை. லேசர் டிஸ்குகள் பல ஒட்டுப்பசை கெட்டு அழுகின. 2006 முதல் 2008 வரை அச்சான தன் டிவிடிகளில் சில இயங்காமல் போவதை வார்னரே 2025இல் ஒப்புக்கொண்டது. ஓலைச்சுவடியைக் கரையானும் தாளைக் காலமும் தின்றதுபோல் தகட்டையும் ஏதாவது தின்னும். ஆயினும் சுவடி பல வீடுகளில் இருந்ததால்தான் ஒரு வீட்டில் அழிந்தது இன்னொரு வீட்டில் கிடைத்தது. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர்களின் வரலாற்றைப் படித்த நமக்கு இது புதிய செய்தி அல்ல. பிரதி பலர் கையில் சிதறிக் கிடப்பதே ஒரு படைப்பின் ஆயுள். ஒரே இடத்தில் பூட்டிவைத்து அனுமதிச் சீட்டு மட்டும் வழங்கப்படும் படைப்பு, பூட்டியவரின் ஆயுள் வரையே வாழும்.

1997இல் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, படம் இல்லாமல், வாரந்தோறும் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களை அன்று பலர் ஏமாளிகள் என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் காத்திருந்ததால்தான் மலிவான டிவிக்ஸ் வந்தபோது மறுக்க ஆள் இருந்தது. அவர்கள் மறுத்ததால்தான் நமக்கு இருபது ஆண்டுகள் படங்கள் சொந்தமாக இருந்தன. நம் அலமாரியில் இன்னும் சில தகடுகள் இருக்கின்றன. ஓடும் கருவி ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் தூசி தட்டி வைத்திருக்கிறோம்.